காசு அனுப்பியாயிற்று, வந்து சேரவில்லை: பிளாக்செயின் மாற்றத்தில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் கைபேசி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தவர்களும் சார்ஜ் ஏறாதவர்களும் வருகிற கடைதான். ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு வீடியோ தொகுத்துக் கொடுத்தும் லோகோ வரைந்து கொடுத்தும், டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமான யூஎஸ்டிடியாகச் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் உவர்மலையிலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் பெருகிய பிறகு, வாரத்தில் இரண்டு பேராவது வேறொரு முறைப்பாட்டோடு படியேறுகிறார்கள்: "அண்ணா, காசு அனுப்பியாயிற்று, வந்து சேரவில்லை."

ஒவ்வொன்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வந்தேன். என்ன அறிகுறி, என்ன காரணம், எப்படித் தீர்ந்தது, எது தீராமலே போனது என்று. பக்கங்களைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முதலில் நேர்ந்த பிழையால் காசை முற்றாக இழந்தவர்கள் சிலரே. பதறிப்போய் அடுத்ததாகச் செய்த காரியத்தால் இழந்தவர்கள்தான் அதிகம். வரவில்லை என்று இரண்டாம் முறை அனுப்பியவர்கள், தேடலில் முதலில் வந்த "மீட்பு" பக்கத்தைத் திறந்தவர்கள், உதவுகிறேன் என்று தானாக வந்து பேசியவனை நம்பியவர்கள். ஆகவே கீழே எதைப் படிப்பதற்கு முன்னும் கைபேசியை மேசையில் வையுங்கள். பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், பதிவான காசு ஐந்து நிமிடத்தில் ஆவியாகிவிடாது.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நாணயம், எவ்வளவு, எந்த வலையமைப்பு வழியாக, எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு. அத்தோடு பரிவர்த்தனை ஹாஷ். அது அந்தப் பரிவர்த்தனையின் அடையாளமான நீண்ட எழுத்து எண் கோவை. நாணயங்களை வைத்து அனுப்பும் செயலியான வாலட்டின் வரலாற்றுப் பகுதியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கிடைக்கும். கையால் எழுதாமல் நகலெடுத்து வையுங்கள்.

அந்த ஹாஷை உரிய எக்ஸ்புளோரரில், அதாவது பிளாக்செயின் பதிவுகளைத் தேடிக் காட்டும் இணையப் பக்கத்தில், இட்டுப் பாருங்கள். எதீரியம் என்றால் ஈதர்ஸ்கேன், பிஎன்பி ஸ்மார்ட் செயின் என்றால் பிஎஸ்சிஸ்கேன், ட்ரான் என்றால் ட்ரான்ஸ்கேன், சொலானா என்றால் சொல்ஸ்கேன். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பு வழியாகப் போக வேண்டாம். போலிப் பக்கங்கள் அங்கேதான் காத்திருக்கின்றன.

வாலட் காட்டுவதையும் எக்ஸ்சேஞ்ச் (நாணயம் வாங்கி விற்க உதவும் நிறுவனம்) காட்டுவதையும் விட எக்ஸ்புளோரர் காட்டுவதை நம்புங்கள். மாரி காலத்தில் இணைய இணைப்பு விட்டு விட்டு வரும்போது வாலட் பழைய இருப்பையே காட்டிக்கொண்டு நிற்பது எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கிறது. செயலியை மூடித் திறந்தாலே தீர்ந்துபோன முறைப்பாடுகள் கொப்பியில் பல இருக்கின்றன.

ஒரே ஒரு கட்டளை: வாலட்டை முழுவதும் திறக்கும் சாவியான மீட்புச் சொற்கள் பன்னிரண்டையோ இருபத்து நான்கையோ யாரிடமும் சொல்லாதீர்கள், எந்த இணையப் பக்கத்திலும் தட்டச்சு செய்யாதீர்கள். என்னிடமும் சொல்லாதீர்கள். இங்கே எழுதியிருக்கிற எந்தக் கோளாறையும் திருத்த அவற்றை இன்னொருவர் அறிய வேண்டியதில்லை.

## அறிகுறி 1: அனுப்பியதாகக் காட்டுகிறது, ஆனால் ஹாஷ் எதுவும் இல்லை

எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது வருகிற நிலை இது. காசு இன்னும் பிளாக்செயினுக்கு வரவே இல்லை. எக்ஸ்சேஞ்சின் உள்ளே நிற்கிறது. மின்னஞ்சலில் வந்த உறுதிப்படுத்தல் இணைப்பை அழுத்தாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால் பல எக்ஸ்சேஞ்சுகள் ஒரு நாளுக்குப் பணமெடுப்பை நிறுத்தி வைக்கும். அந்த வலையமைப்புக்கே பராமரிப்பு அறிவிப்பு போட்டிருக்கவும் கூடும். ஒரு நாள் கடந்தும் ஹாஷ் வராவிட்டால் செயலியின் உள்ளே இருக்கும் உதவிப் பகுதியில் முறைப்பாடு செய்யுங்கள். வேறு யாராலும் இதில் கை வைக்க முடியாது.

## அறிகுறி 2: ஹாஷ் இருக்கிறது, "பென்டிங்" (நிலுவை) என்றே நிற்கிறது

எதீரியத்திலும் அதைப்போல் இயங்கும் வலையமைப்புகளிலும் கட்டணம் குறைத்து அனுப்பினால் இப்படி நிற்கும். வலையமைப்பின் நெரிசல் தணிந்ததும் தானாகப் போய்விடும். அவசரம் என்றால் வாலட்டில் இருக்கும் "ஸ்பீட் அப்" வழியாகக் கட்டணத்தைக் கூட்டுங்கள். வேண்டாம் என்றால் "கேன்சல்". இரண்டுக்கும் கொஞ்சம் கட்டணம் செலவாகும்.

இங்கே செய்யக்கூடாதது, புதிதாக இன்னொரு பரிவர்த்தனை அனுப்புவது. அதே கணக்கிலிருந்து போகிறவை வரிசை எண்படிதான் போகும். முன்னால் நிற்பது நகரும்வரை பின்னால் அனுப்பியதும் நிற்கும். முன்னது நகர்ந்தவுடன் இரண்டும் போய்ச் சேர்ந்து, இருமுறை கொடுத்ததாக முடியும்.

பிட்காயினில் ஒரு தொகுதி (சேர்த்துப் பதியப்படும் பரிவர்த்தனைக் கட்டு) சேரச் சராசரியாக 10 நிமிடம் எடுக்கும். சில வேளை அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அது கோளாறில்லை.

"ஃபெயில்ட்" என்று காட்டினால் கட்டணம் மட்டும் போயிருக்கும், அனுப்ப முயன்ற காசு உங்களிடமே இருக்கும். ட்ரானில் "அவுட் ஆஃப் எனர்ஜி" என்று வருவதும் இந்த வகைதான். அறிகுறி 6க்குப் போங்கள்.

## அறிகுறி 3: "சக்சஸ்" என்று காட்டுகிறது, என் வாலட்டில் காசு இல்லை

கொப்பியில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருப்பது இதுதான். எக்ஸ்புளோரரில் பெறுபவர் முகவரியைப் பாருங்கள். அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

பெறுபவர் முகவரி உங்களுடையதுதான் என்றால், காசு உங்களிடம்தான் இருக்கிறது. பார்க்கத் தெரியாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில், வாலட் அந்த நாணயத்தைப் பட்டியலில் மறைத்து வைத்திருக்கலாம். நாணயத்தைச் சேர்க்கும் பகுதிக்குப் போய், அதன் ஒப்பந்த முகவரியை (அந்த நாணயத்தை இயக்கும் நிரலின் முகவரி), நாணயத்தை வெளியிட்ட நிறுவனத்தின் பக்கத்திலிருந்தோ எக்ஸ்புளோரரிலிருந்தோ எடுத்து இடுங்கள். பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். யூஎஸ்டிடி என்ற அதே பெயரில் எவனும் ஒரு போலி நாணயம் உருவாக்க முடியும்.

அடுத்தது, வலையமைப்பு மாறியிருப்பது. நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். மூன்று வாரம் இரவிரவாகக் கண்விழித்துச் செய்த வேலைக்கு 180 யூஎஸ்டிடி. எதீரியம் வலையமைப்பைத் திறந்து வைத்து இருப்பு பூச்சியம் என்று பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள். ஹாஷைப் பார்த்தால், வாடிக்கையாளர் பிஎன்பி ஸ்மார்ட் செயினில் அனுப்பியிருக்கிறார். எதீரியம், பிஎன்பி ஸ்மார்ட் செயின், பாலிகன், ஆர்பிட்ரம் எல்லாவற்றிலும் ஒருவருக்கு ஒரே முகவரிதான். 0எக்ஸ் என்று தொடங்கி மொத்தம் 42 எழுத்துகள். வாலட்டின் மேலே வலையமைப்பை மாற்றிக் காட்டினேன். 180 அங்கே இருந்தது. அவள் திரையை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், எண் மறைந்துவிடுமோ என்று பயந்தவள்போல.

வலையமைப்பு பட்டியலில் இல்லாவிட்டால் நீங்களே சேர்க்கலாம். சேர்க்கும்போது செயின் எண் சரிதானா என்று பாருங்கள்: எதீரியம் 1, பிஎன்பி ஸ்மார்ட் செயின் 56, பாலிகன் 137, ஆர்பிட்ரம் ஒன் 42161.

ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் சேர்ந்து கையொப்பமிடும் ஒப்பந்த வாலட் வைத்திருந்தால், ஒரு வலையமைப்பில் உங்களுடையதாக இருக்கும் முகவரி இன்னொன்றில் உங்களுடையதாக இல்லாமல் போகலாம். 2022 ஜூன் மாதம் ஆப்டிமிசம் வலையமைப்பில் அந்த வலையமைப்பின் 2 கோடி ஓபி நாணயங்கள் இப்படித்தான் சிக்கின. பெறவேண்டிய நிறுவனத்தின் ஒப்பந்த வாலட் எதீரியத்தில் இருந்தது, ஆப்டிமிசத்தில் இன்னும் உருவாக்கப்படவில்லை. வேறொருவர் முந்திக்கொண்டு அந்த முகவரியைக் கைப்பற்றினார். ஒப்பந்த வாலட்டில் சிக்கல் வந்தால் வெளியில் சொல்லாமல் உடனே அனுபவமுள்ள ஒப்பந்த நிரலாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பெறுபவர் முகவரி உங்களுடையது இல்லை என்றால், விஷயம் கடினம். அது உங்களுடைய இன்னொரு வாலட் அல்லது எக்ஸ்சேஞ்ச் முகவரியா என்று முதலில் தேடுங்கள். பழைய கைபேசியில் இருந்த வாலட் என்று இரண்டு பேருக்குக் கண்டுபிடித்தோம்.

அதுவும் இல்லையென்றால், உங்கள் வரலாற்றில் பூச்சியம் மதிப்புள்ள பரிவர்த்தனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் தொடக்கமும் முடிவும் பொருந்துகிற இன்னொரு முகவரியைத் திருடர்கள் உருவாக்கி, வரலாற்றில் நுழைத்துவிடுவார்கள். நீங்கள் அதிலிருந்து நகலெடுத்து அனுப்பியிருப்பீர்கள். 2024 மே மாதம் ஒருவர் இந்தப் பொறியில் பிட்காயின் மதிப்பை ஒட்டிய 1,155 டபிள்யூபிடிசி நாணயங்களை, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6.8 கோடி டாலரை, அனுப்பிவிட்டார். அந்தத் தொகையின் பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது உலகறிந்த செய்தி. நம்மைப் போன்றவர்கள் இழக்கும் இருநூறு முந்நூறு அப்படித் திரும்புவதில்லை. அதனால் என் கடையில் முகவரியை முழுவதும் வாசிக்கிறோம். நான் நான்கு நான்கு எழுத்தாகச் சத்தமாகச் சொல்வேன், வந்தவர் தாளில் பென்சிலால் கோடு இழுப்பார். ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

## அறிகுறி 4: எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினேன், கணக்கில் ஏறவில்லை

எளிதிலிருந்து கடினத்துக்கு இந்த ஒழுங்கில் பாருங்கள்.

உறுதிப்படுத்தல் எண்ணிக்கை நிரம்பியதா? ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் இத்தனை தொகுதி கடந்த பிறகுதான் கணக்கில் ஏற்றும். அந்த எண் வைப்புப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

குறைந்தபட்ச வைப்புத் தொகையைத் தொட்டதா? சோதனைக்கென்று மிகச் சிறிய தொகை அனுப்புகிறவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். சோதனைத் தொகையும் குறைந்தபட்சத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

மெமோ விட்டுப்போனதா? எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார், டோன் போன்றவற்றில் எக்ஸ்சேஞ்ச் பெரும்பாலும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து, யாருடையது என்பதை மெமோ அல்லது டேக் எண்ணால் பிரிக்கும். அதை இடாமல் அனுப்பினால் காசு எக்ஸ்சேஞ்சின் கையில் பெயரில்லாமல் கிடக்கும். மூதூரிலிருந்து ஓர் ஐயா வந்தார். மத்திய கிழக்கில் இருக்கும் மகன் டேக் இல்லாமல் அனுப்பிய எக்ஸ்ஆர்பி. முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி, ஹாஷையும் அனுப்பிய பக்கத்தின் படத்தையும் இணைத்து அனுப்பினோம். அவருடைய கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

வலையமைப்பு பொருந்தியதா? ட்ரான் முகவரி டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 34 எழுத்துடன் இருப்பதால், அதை 0எக்ஸ் முகவரியோடு குழப்பினால் செயலியே தடுத்துவிடும். ஆபத்து 0எக்ஸ் குடும்பத்துக்குள்தான். எக்ஸ்சேஞ்ச் இஆர்சி-20, அதாவது எதீரியம் வழி வருவதை, மட்டும் ஏற்கும் முகவரிக்கு நீங்கள் வேறொரு வலையமைப்பில் அனுப்பினால், தடை எதுவும் இல்லாமல் போய்ச் சேரும், கணக்கில் மட்டும் ஏறாது. அறிகுறி 3இல் செய்ததுபோல் நீங்களே வலையமைப்பை மாற்றிப் பார்க்க முடியாது. அந்த முகவரியைத் திறக்கும் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. சில எக்ஸ்சேஞ்சுகள் கட்டணம் எடுத்துக்கொண்டு மீட்டுத் தருகின்றன. சில, சிறு தொகை என்றால் மறுத்துவிடுகின்றன.

கடைசியாக, நாணயத்தின் ஒப்பந்த முகவரிக்கே அனுப்பிவிட்டீர்களா? எக்ஸ்புளோரரில் பெறுபவர் இடத்தில் அந்த நாணயத்தின் பெயரே தெரியும். அப்படியானால் அநேகமாகத் திரும்பாது. இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்று வருகிறவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

## அறிகுறி 5: பாலம் வழியாக அனுப்பினேன், இந்தப் பக்கம் கழிந்தது, அந்தப் பக்கம் வரவில்லை

பாலம் என்பது ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு நாணயத்தை மாற்றும் சேவை. கிண்ணியாப் பாலத்தில் ஏறிய சைக்கிளேதான் மறுகரையில் இறங்கும். பிளாக்செயின் பாலம் அப்படி வேலை செய்வதில்லை. உங்கள் சைக்கிளை இக்கரையில் பூட்டி வைத்துவிட்டு, அல்லது அழித்துவிட்டு, மறுகரையில் வேறொன்றைத் தருகிறது. கோளாறு வருவதெல்லாம் இந்தக் கைமாறும் இடத்தில்தான். காரணம் கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

இக்கரைப் பரிவர்த்தனை இன்னும் இறுதியாகவில்லை, அதாவது மாற்ற முடியாதபடி பதிவாகவில்லை. எதீரியத்தில் இறுதியாக ஏறத்தாழ 13 நிமிடம் வேண்டும். பாலங்கள் பல அதுவரை காத்திருக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மறுகரையில் நீங்கள் போய் வாங்க வேண்டியிருக்கிறது. சில பாலங்களில் "கிளெய்ம்" அல்லது "ரிடீம்" என்ற பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும். அதற்கு மறுகரை வலையமைப்பின் கட்டண நாணயம் வேண்டும். அது இல்லாததால்தான் பலருக்குப் பாதியில் நிற்கிறது. பாலத்தின் பக்கத்தை மூடிவிட்டிருந்தாலும் பரவாயில்லை. அதே வாலட்டை இணைத்து, ஹாஷை இட்டுத் தேடினால் தொடர முடியும்.

ஏழு நாள் காத்திருப்பு. ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்றவற்றிலிருந்து அவற்றின் அதிகாரபூர்வப் பாலம் வழியாக எதீரியத்துக்கு எடுத்தால் ஏறத்தாழ 7 நாள் ஆகும். காசு தொலைந்ததென்று மூன்றாம் நாள் வந்து நிற்பவர்களை நான் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன். எட்டாம் நாள் வந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்கள்.

பாலமே நின்றுபோயிருக்கிறது. இது விலை உயர்ந்த காரணம். ரோனின் பாலம் 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் வோர்ம்ஹோலிலிருந்து எதீரியத்தின் நாணயமான ஈதர் 1,20,000 மதிப்பு களவு போனது. 2023 ஜூலையில் மல்டிசெயின் முற்றாக இயக்கத்தை நிறுத்தியது. பாலத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பாருங்கள். நிறுத்தம் என்றால் மேலும் எதையும் அனுப்பாதீர்கள். "கோரிக்கைப் படிவம்" என்று சுற்றும் இணைப்புகளைத் தொடாதீர்கள். வாலட்டை இணைக்கச் சொல்லி மிச்சத்தையும் எடுப்பார்கள்.

காசு வந்து சேர்ந்தது, ஆனால் யூஎஸ்டிசி (டாலர் மதிப்பை ஒட்டிய இன்னொரு நாணயம்) என்பதற்குப் பதிலாகப் பெயரின் பின்னால் ".இ" ஒட்டியிருக்கிறது என்றால், அது பாலம் தந்த பதில் நாணயம். மூல நாணயம் அல்ல. எக்ஸ்சேஞ்ச் இதை ஏற்காமல் விடலாம். அதே வலையமைப்பில் மூல யூஎஸ்டிசியாக மாற்றிய பிறகே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 6: காசு இருக்கிறது, ஆனால் வெளியே அனுப்ப முடியவில்லை

பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டண நாணயம் இல்லை. யூஎஸ்டிடி எவ்வளவு இருந்தாலும், பெரும்பாலான வாலட்டுகளில் அதை அனுப்பும் கட்டணம் வேறு நாணயத்தில்தான் கழியும். ட்ரானில் டிஆர்எக்ஸ், எதீரியத்திலும் ஆர்பிட்ரத்திலும் ஈதர், பிஎன்பி ஸ்மார்ட் செயினில் பிஎன்பி, பாலிகனில் பிஓஎல். கொஞ்சம் வாங்கி அதே முகவரிக்குப் போடுங்கள். ட்ரானில் இதுவரை யூஎஸ்டிடி இல்லாத முகவரிக்கு அனுப்பினால் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிஆர்எக்ஸ் போட்ட பிறகும் போகவில்லையென்றால் நிறுத்துங்கள். அந்த வாலட் எப்படி உங்கள் கைக்கு வந்தது? யூடியூப் கருத்துப் பகுதியில் யாரோ "தெரியாமல்" மீட்புச் சொற்களை எழுதியிருந்தார், உள்ளே நூற்றுக்கணக்கில் யூஎஸ்டிடி தெரிந்தது என்றால், அது பொறி. அந்தக் கணக்கின் அனுமதி ஏற்கெனவே இன்னொருவர் கைக்கு மாற்றப்பட்டிருக்கும். நீங்கள் போடும் டிஆர்எக்ஸ்தான் அவருக்கு வருமானம். உங்கள் சொந்த வாலட்டிலேயே இப்படி நடந்தால், உங்கள் மீட்புச் சொற்கள் வெளியே போயிருக்கின்றன என்று பொருள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 7: நான் செய்யாத பரிவர்த்தனை தெரிகிறது

தெரியாத நாணயம் உள்ளே வந்திருந்தால் தொடாமல் விடுங்கள். அதை விற்க முயன்றால்தான் ஆபத்து.

ஒரு நாணயம் மட்டும் வெளியே போயிருந்தால், எங்கோ ஓர் இணையப் பக்கத்தில் உங்கள் நாணயத்தை எடுக்க நீங்கள் கொடுத்த செலவு அனுமதியை யாரோ பயன்படுத்தியிருக்கலாம். ஈதர்ஸ்கேனின் அனுமதி சரிபார்ப்புப் பக்கத்தில் உங்கள் முகவரியை இட்டு, அறியாத அனுமதிகளை நீக்குங்கள்.

கட்டண நாணயம் உட்பட எல்லாம் போயிருந்தால் மீட்புச் சொற்கள் களவு போய்விட்டன. எஞ்சியதை வேறொரு சுத்தமான கைபேசியில் உருவாக்கிய புதிய வாலட்டுக்கு உடனே மாற்றுங்கள். ஒப்பந்த வாலட் சிக்கலை விட்டால், எல்லா அறிகுறிகளிலும் இது ஒன்றில்தான் வேகம் வேண்டும்.

கிண்ணியா மாணவன் ஒருவனின் 240 யூஎஸ்டிடி இப்படிப் போனது. முதலில் நடந்தது வெறும் பென்டிங். உதவிக் குழு என்று சொல்லிச் செய்தி அனுப்பியவனுக்குப் பன்னிரண்டு சொற்களையும் கொடுத்திருக்கிறான். சொற்களை எழுதிய தாள், நான்காக மடித்து, கைபேசி உறையின் உள்ளே இருந்தது. அவன் எடுத்துக் காட்டியபோது மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தன. அத்தனை கவனமாக வைத்திருந்தவன்.

## யாரிடம் போவது, எப்போது

காசு எக்ஸ்சேஞ்சின் கையில் இருந்தால் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி மட்டுமே. பாலத்தில் நின்றால் அதன் சொந்தப் பக்கத்தில் இருக்கும் உதவிப் பகுதி. முன்பணம் கேட்கும் "மீட்பு நிபுணர்" யாராக இருந்தாலும் வேண்டாம்.

களவு என்றால் ஹாஷோடு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம். முறைப்பாட்டுப் பிரதி கையில் இருந்தால், களவுக் காசு போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்சிடம் முடக்கக் கேட்க ஆதாரம் ஆகிறது. யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியையே முடக்க முடியும், ஆனால் அது சட்ட அதிகாரிகள் கேட்டால் நடக்கும் காரியம். கிரிப்டோ நாணயங்கள் சட்டபூர்வ நாணயம் அல்ல என்று இலங்கை மத்திய வங்கி பலமுறை அறிவித்திருப்பதால், வங்கிக் கணக்கில் பிழை நேர்ந்தால் கிடைக்கும் பாதுகாப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது.

முறைப்பாட்டில் கதை எழுத வேண்டாம். ஹாஷ், வலையமைப்பு, நாணயம், தொகை, அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, நேரம், என்ன விட்டுப்போனது: எட்டு வரி. மூதூர் ஐயாவுக்கு அப்படித்தான் எழுதினோம். பதில் வராத ஒவ்வொரு நாளும் இன்னொரு டிக்கெட் (முறைப்பாடு) போடச் சொன்னார். வேண்டாம் ஐயா, முதலாவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றேன். பதினோராம் நாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். கைபேசியைத் திறந்து பார்த்தோம். காசு கணக்கில் ஏறியிருந்தது.